வெறுங்கையோடு வரத் தெரியாதவர்

‘களத்தில் இறங்கியவர்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்க அவர் விடமாட்டார். எங்கோ காற்று பலமாக அடிக்கிறது என்று செய்தி வந்தால் நாமெல்லாம் ஜன்னலைச் சாத்துவோம். அவர் பீரோவைத் திறப்பார். முதலில் அவர் வீட்டுப் பழைய போர்வைகள் திண்டாடித் தெருவுக்கு வரும், அடுத்து பக்கத்து வீட்டுப் பழைய போர்வைகள் வரும், பிறகு அந்தத் தெருவில் யாருக்கு எது வேண்டாமோ அதெல்லாம் வரும். பொழுது சாய்வதற்குள் ஒரு வண்டி பிடித்து, அதன் முகப்பில் பேனர் கட்டி, பேனருக்கு முன்னால் நின்று படமும் எடுத்திருப்பார்கள். காற்று எந்த ஊரில் அடித்தது என்று அதற்குப் பிறகு விசாரிப்பார்கள்.

அடையாளம் காண்பது சுலபம். தண்ணீர் அவரிடமிருந்து வெகு தொலைவில் இருக்கும்போதே பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருப்பார். கழுத்தில் விசில் தொங்கும். நீங்கள் அவரிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, “இப்பதான் களத்துலேர்ந்து வர்றேன்” என்றுதான் ஆரம்பிப்பார். நாம் ஓர் இடத்துக்குப் போவோம். அவர் இறங்குவார். மூன்றாவது மாடியில் இருக்கும் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தாலும் இறங்கியதாகவே சொல்வார்.

கெட்டவரா? அதுதான் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஊர் எப்போதோ தப்பித்திருக்கும்.

இந்த இனத்தில் நான் சொல்லப்போகிறவர் தொழிலால் டிரைவிங் ஸ்கூல்காரர். ஊரில் அவருக்குப் பெயரே ‘களம்’. “களம் வந்திருந்தார்”, “களத்துக்கு சளி பிடிச்சிருக்கு” என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். கடைத்தெரு முனையில், டயர் கடைக்கு மேலே ஓர் அறை. சுவர் நிறையச் சாலைக் குறியீடுகளின் படம், மேசைமேல் குறுக்கே அறுத்துவைத்த பழைய என்ஜின், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் நிற்கும் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. யோசித்துப் பாருங்கள்: வாழ்நாளில் பாதியை, ஸ்டியரிங் இன்னொருவர் கையிலும் பிரேக் தன் காலடியிலுமாகக் கழித்த மனிதர். அந்தக் கால் சும்மா இருக்குமா? பஸ்ஸில் போகும்போது அழுத்துவார். மனைவி குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தால் அழுத்துவார். தாலி கட்டும்போதுகூட அழுத்திப் பார்த்ததாகவும் பிடிக்கவில்லை என்றும் அந்த அம்மாளே சொல்வதுண்டு.

களத்துக்கு ஓர் அக்கா. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் வாழ்க்கைப்பட்டவர். சின்ன வயதில் தம்பியை இடுப்பில் சுமந்து, தம்பி பள்ளிக்கூடம் போகட்டும் என்று தான் நின்றுவிட்ட அக்கா. ஆகவே அந்தத் தீவு என்றால் களத்துக்கு உயிர். வருடத்துக்கு ஒருமுறை போவார்.

அந்தத் தீவில் வீடுகள் நடக்கும். சிரிக்காதீர்கள், உண்மைதான். கடல் கிழக்கிலிருந்து கரையைத் தின்றுகொண்டு வருகிறது. புயல் வந்தால் ஒரே கடியில் பெரிய துண்டாக எடுத்துக்கொள்ளும், மற்ற நாள்களில் கொறிக்கும். அதனால் அங்கே வீட்டை யாரும் நிரந்தரமாகக் கட்டுவதில்லை, பூட்டுகிறார்கள். மரத்தூண், பலகைச் சுவர், தகரக் கூரை, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கும் போல்ட்டுகள். கடல் வாசலுக்கு வந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் ஸ்பேனரும் கடப்பாரையும் கயிறுமாக வருவார்கள். காலையில் பிரிக்க ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் வீடு மேட்டில் போய் நிற்கும். அக்காவின் வீடு அப்படி ஏற்கெனவே இரண்டு முறை நடந்த வீடு.

மூன்றாவது முறை நடக்க வேண்டிய நேரம் வந்தபோது அக்கா தம்பிக்கு போன் செய்தார்.

“தம்பி, கடல் வாசலுக்கே வந்துருச்சுடா.”

“கவலையே படாதக்கா. களத்துல இறங்கிடறோம்.”

“நீ எதுலயும் இறங்க வேணாம். சொல்றதக் கேளு. பௌர்ணமிக்குக் கடல் ஏறும். அதுக்கு முன்னால வீட்டைப் பிரிச்சு மேட்டுக்குக் கொண்டு போயிடணும். இங்க இருந்த பசங்க எல்லாம் வேலைக்குன்னு போயிட்டாங்க, மிச்சம் இருக்கிறது எல்லாம் முட்டி வலிக்காரங்க. தூணைத் தூக்க ஆள் இல்ல. தோள்ல தெம்பு இருக்கிறவங்களா ஒரு பத்து பேரைக் கூட்டிட்டு வா, போதும்.”

“என்னென்ன கொண்டு வரணும், சொல்லுக்கா.”

“ஒண்ணும் வேணாம். வெறுங்கையோட வா.”

“வெறுங்கையோடயா?”

“ஆமாடா. கை காலியா இருந்தாத்தானே தூணைப் பிடிக்க முடியும்?”

அக்கா சொன்னதில் தூண் புரிந்தது, தோள் புரிந்தது, பௌர்ணமியும் புரிந்தது. ஒன்று மட்டும் களத்துக்குச் செரிக்கவில்லை. அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? அத்தான் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, கையை வீசிக்கொண்டு போய் இறங்குவதா? வெறுங்கை முழம் போடுமா?

அன்று மாலையே டிரைவிங் ஸ்கூலில் கூட்டம் கூடியது. இந்த இனத்தவர் தனியாக வாழ்வதில்லை. இவர்களோடு சில துணை இனங்களும் உண்டு. அறுத்துவைத்த என்ஜினுக்கு இந்தப் பக்கம் ‘நன்றியுரை சார்’ உட்கார்ந்திருந்தார். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்திலும் கடைசியில் நன்றி சொல்வது ஒன்றே அவர் பணி, அந்தக் கடைசிக்காகவே கூட்டத்தின் முதலும் நடுவும் நடக்கின்றன என்பது அவர் கருத்து. அந்தப் பக்கம் ‘மூச்சு மேடம்’. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர். உலகத்தில் சரியாக மூச்சு விடுகிறவர்கள் குறைவு என்பதால் அவருக்கு எங்கே போனாலும் வேலை இருக்கும்.

“அக்கா என்ன வேணும்னு கேட்டாங்க?” என்றார் மூச்சு மேடம்.

“ஒண்ணும் வேணாம்னுட்டாங்க மேடம்.”

மூச்சு மேடம் நன்றியுரை சாரைப் பார்த்தார்.

“பாவம்,” என்றார் நன்றியுரை சார். “கேக்கக்கூட வாய் வரல பாருங்க.”

அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குத்தான் மிக அதிகமாக வேண்டும் என்பது இந்த இனத்தின் முதல் விதி. சேகரிப்பு தொடங்கியது. ஊர் அள்ளிக் கொடுத்தது. கம்பளிக் கோட்டுகள் வந்தன. ஏதோ மூடிப்போன பள்ளிக்கூடத்தின் டைகள் ஒரு மூட்டை வந்தன. குதிகால் உயர்ந்த செருப்புகள், கம்பி இல்லாத ஜன்னல் திரைகள், கணக்குப் பாடத்துக்குப் பழைய கைடுகள், பாதி தீர்ந்த ஷாம்பு பாட்டில்கள் வந்தன. ஒருவர் மீன் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போனார். நாலு பக்கமும் கடல் இருக்கும் இடத்துக்கு மீன் தொட்டி எதற்கு என்று களத்துக்கே ஒரு கணம் தோன்றியது. கொடுத்தவர் மனதைப் புண்படுத்தலாமா? வாங்கி வைத்துக்கொண்டார்.

மூட்டை சேரச் சேர நாள் நகர்ந்தது. எப்போதெல்லாம் கிளம்பலாம் என்று நினைத்தார்களோ அப்போதெல்லாம் ஒரு நல்ல உள்ளம் இன்னொரு பையோடு படியேறி வந்தது. அங்கே அக்கா தினமும் கடலையும் போனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “என் தம்பி ஆள் கூட்டிட்டு வர்றான்” என்று தீவு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கடைசியில் களம் கிளம்பிய நாள் பௌர்ணமியே ஆகிவிட்டது.

ஆள் திரட்டவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உடற்பயிற்சிக் கூடம் ஒன்றிலிருந்து பத்து வாட்டசாட்டமான பையன்கள் காலையிலேயே படகுத்துறைக்கு வந்து படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். தேக்குத் தூணைப் பென்சில்போலத் தூக்கக்கூடிய பையன்கள். படகுக்காரர் பையன்களைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், தன் படகைப் பார்த்தார்.

“ஆளா, மூட்டையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“ரெண்டும்தான்.”

“ரெண்டையும் ஏத்துனா படகு இங்கயே உக்காந்துரும்.”

“ரெண்டு டிரிப் அடிச்சா?”

“காத்து மாறுது சார். ஒரு தடவை போய் வெளிச்சத்தோட திரும்பறதே பெரிய விஷயம்.”

களம் தலைமை தாங்கத் தெரிந்தவர், உடனே முடிவெடுத்தார். பையன்கள் ஒவ்வொருவரும் இரண்டு மூட்டைக் கனம். மூட்டைகளோ மக்கள் நம்பிக் கொடுத்தவை. பையன்களைக் கரையில் இறக்கிவிட்டார். பேனர் ஏறியது, மீன் தொட்டி ஏறியது, மூச்சு மேடம் ஏறினார், நன்றியுரை சார் ஏறினார். பையன்கள் கரையில் நின்று, வேறு வேலை இல்லாததால், மூட்டைகளை ஏற்றிக்கொடுத்துவிட்டுக் கையசைத்தார்கள்.

வழியெல்லாம் களம் படகுக்காரருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். “லேசா லெஃப்ட்ல ஒடிங்க... முன்னால அலை வருது, ஸ்லோ, ஸ்லோ...” ஒவ்வோர் அலைக்கும் அவருடைய வலது கால் படகின் அடிப்பலகையை அழுத்தியது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த படகுக்காரர் சொன்னார்: “சார், அங்க ஒண்ணும் இல்ல. கடல்ல பிரேக் கிடையாது.”

கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். படகு நெருங்க நெருங்க அவர் கண் தோள்களைத் தேடியது. மூட்டைகள் தெரிந்தன.

“ஆளுங்க எங்கடா?”

“வருவாங்கக்கா. முதல்ல இதைப் பாரு, உனக்கு என்னவெல்லாம் கொண்டாந்திருக்கேன்னு!”

பின்னால் தீவுக்காரர்கள் ஸ்பேனர், கடப்பாரை, கயிறோடு வந்து நின்றிருந்தார்கள். முட்டி வலிக்காரர்கள்தான்; என்றாலும் வெளியிலிருந்து பத்துத் தோள் வருகிறது என்று நம்பி வந்தவர்கள். அக்கா அவர்கள் பக்கம் திரும்பும்போது முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, “என் தம்பி,” என்றார்.

அத்தான் கூரைமேல் இருந்தார். அதிகம் பேசாதவர். சமையல்கட்டுப் பக்கத் தகரங்களை அதற்குள் கழற்றிக் கீழே அடுக்கியிருந்தார். அந்தச் சமயம் பார்த்துத் தூறல் விழுந்தது.

“ஐயோ, மூட்டை நனையுது!” என்று களம் விசில் ஊதினார். தீவின் அந்தக் கரையில் கூரை உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். பிரிக்க வேண்டிய வீடு. மூட்டைகள் வரிசையாக உள்ளே போயின. கூடம் நிறைந்தது. பிறகு படுக்கும் அறை நிறைந்தது. சமையல்கட்டில் வைக்கலாமென்றால் மேலே வானம்தான் தெரிந்தது.

“அத்தான், அந்தத் தகரத்தை ஒரு ரெண்டு நிமிஷம் திருப்பி மாட்டிடுங்க.”

“மச்சான், நான் பிரிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“பார்க்கிறேன் அத்தான். ஆனா ஜனங்க கொடுத்த பொருள். முதல்ல பொருளைக் காப்பாத்துவோம். வீடு எங்க போயிடப் போகுது?”

ஒரே ஒருவர் மட்டும் கடலைப் பார்த்தார்.

தகரம் மாட்டப்பட்டது. களமே ஏணியில் ஏறி, போல்ட்டை இறுக்கி, பத்து வருடத்துக்கு அசையாது என்று தட்டிக் காண்பித்தார். வீட்டைப் பிரிக்க வந்தவர்கள் அன்று அந்த வீட்டுக்குச் செய்த முதல் வேலை அதுதான்: அதை முன்னைவிட உறுதியாக்கியது.

அதற்குப் பிறகு நிகழ்ச்சி. நிகழ்ச்சி இல்லாமல் நிவாரணம் உண்டா? வீட்டின் முன்தூண்கள் இரண்டுக்கும் குறுக்கே பேனர் கட்டினார்கள். பேச்சாளர்கள் வீட்டுக்கு முதுகு காட்டி நின்றார்கள். தீவுக்காரர்கள் கடலுக்கு முதுகு காட்டி மணலில் உட்கார்ந்தார்கள். விருந்தாளி பேசும்போது எழுந்து போகும் பழக்கம் இல்லாதவர்கள். கடப்பாரையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

முதலில் மூச்சு மேடம். புயல் நேரத்துப் பதற்றம் தணிய எப்படி மூச்சு விடுவது என்று விளக்கினார்.

“எல்லாரும் இழுங்க... இழுங்க... இன்னும்... அப்படியே பிடிங்க... இப்ப விடுங்க.”

எல்லோரும் இழுத்தார்கள், விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் கடலும் இழுத்தது, விட்டது. விடும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக விட்டது.

அடுத்து களம், முன்னெச்சரிக்கையின் அவசியம் பற்றி. காலம் தாழ்த்தாமல் செயல்படுவது எப்படி என்பதை அவர் நெடுநேரம் எடுத்துச் சொன்னார். கடைசியாக நன்றியுரை சார் எழுந்தார். படகுக்காரருக்கு நன்றி, பேனர் அடித்தவருக்கு நன்றி, பேனர் கட்டக் கயிறு தந்தவருக்கு நன்றி, தூண் தந்து உதவிய வீட்டுக்காரருக்கு நன்றி, “இப்படி ஒரு நல்ல வாய்ப்பை நமக்கெல்லாம் ஏற்படுத்திக் கொடுத்த இயற்கை அன்னைக்கும் நன்றி.” கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் பின்பக்கம் நனைந்தது. அவர்கள் முன்னால் நகர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் நகர்ந்தார்கள். கூட்டமே தன்னை நோக்கி நெருங்கி வருவதை நன்றியுரை சார் பார்த்தார். தம் வாழ்க்கையில் அவர் நன்றியுரைக்கு ஒரு கூட்டம் நெருங்கி வந்ததே இல்லை. சுருக்கமாக முடிக்க நினைத்தவர், நீட்டினார்.

“சார், காத்து மாறிடுச்சு! வர்றவங்க வாங்க!” என்று படகுக்காரர் கத்தியதால்தான் அது நின்றது. அப்போதும் முழுதாக நிற்கவில்லை. பாக்கிப் பெயர்களை அவர் படகிலிருந்து சொல்லிக்கொண்டே போனார், அலைச் சத்தத்தில் யாருக்கு நன்றி என்பது மட்டும் கேட்கவில்லை.

களம் போகவில்லை. “நான் இருக்கேன். அக்கா வீட்டை மேட்டுல நிறுத்திட்டுத்தான் வருவேன்” என்றார். அதைச் சொன்னபோது அவர் நடிக்கவில்லை. இந்த இனம் எந்நேரமும் நடித்துக்கொண்டிருக்கும் இனமாக இருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதவே வேண்டியதில்லை.

இனிமேல் வீட்டைப் பிரிக்க வேண்டியதுதான். ஆனால் எப்படிப் பிரிப்பது? தூணைத் தொட்டால் பலகை சரியும், பலகை சரிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீருக்குப் போகும். உள்ளே ஊரின் இரக்கம் கூரைவரை அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் அதற்குள் முதல் படிக்கு வந்துவிட்டது.

வலை பின்னும் பெரியவர் ஒருவர் அக்காவிடம் மெல்லச் சொன்னார்: “அம்மாடி, இதை எல்லாம் வெளிய தள்ளிட்டு, தூணுக்குக் கயிறு போட்டுடுவோமா? இப்ப ஆரம்பிச்சாத் தூணையும் கதவையுமாவது எடுத்துடலாம்.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தம்பியைப் பார்த்தார். பேண்ட்டை மடித்துவிட்டு, கழுத்தில் விசில், தலையெல்லாம் சொட்டச் சொட்ட, இரண்டு கையாலும் மீன் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “ஒரு மூட்டைகூட நனையக் கூடாது, பார்த்து, பார்த்து” என்று சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஏதோ பரிசு வாங்கி வந்த நாளில் வாசலில் நின்றானே, அதே முகம்.

“என் தம்பி கொண்டாந்தது,” என்றார் அக்கா. “தண்ணியில போடக் கூடாது. தூக்குங்க.”

பெரியவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். புகுந்த ஊரில் நின்று ஒரு பெண் ‘என் தம்பி கொண்டாந்தது’ என்று சொன்னால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அது தெரியாத ஒரே ஆள் மீன் தொட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

தூக்கினார்கள். முட்டி வலிக்காரர்கள், முதுகு பிடித்தவர்கள், அத்தான், அக்கா, எல்லோரும் வரிசை கட்டி, கம்பளிக் கோட்டுகளையும் டைகளையும் கணக்குக் கைடுகளையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தார்கள். களம் விசில் ஊதி வழி காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, எல்லோரையும்விட அதிகமாகச் சுமந்தவரும் அவர்தான். நிவாரணம் வாங்க வேண்டியவர்களே நிவாரணப் பொருள்களைக் காப்பாற்றும் நிவாரணப் பணி ஒன்று உலகத்தில் நடக்கிறது. அதற்கு யாரும் பேனர் கட்டுவதில்லை.

கடைசி மூட்டை மேடு ஏறியபோது தண்ணீர் தூண்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தான் கதவை மட்டும் கழற்றினார். தகரத்துக்காகக் கூரை ஏறினார். வந்ததும் மச்சான் பத்து வருடத்துக்கு அசையாதபடி இறுக்கிய போல்ட் அசையவில்லை.

“போதும், எறங்குங்க,” என்றார் அக்கா. “நீங்க எறங்குங்க, அது போகட்டும்.”

அவர் இறங்கியதும் வீடு முதலில் உட்கார்ந்தது. நெடுநேரம் நின்று களைத்தவர் உட்காருவதுபோல, முன்பக்கம் மெல்லத் தாழ்ந்து. பேனர் கொஞ்ச நேரம் தண்ணீர்மேல் விரிந்து தெரிந்தது. பிறகு மொத்தமும் சாய்ந்து கடல் பக்கம் நகர ஆரம்பித்தது. இரண்டு முறை மேட்டை நோக்கி நடந்த வீடு, மூன்றாவது முறை இறக்கத்தில் நடந்தது.

களத்தின் வலது கால் மணலை அழுத்தியது. இன்னும் அழுத்தியது. கணுக்கால்வரை புதைந்தது.

பிடிக்கவில்லை.

பள்ளிக்கூட வகுப்பறையில், மூட்டைகளுக்கு நடுவே, அவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா ஒரு மூட்டையைப் பிரித்தார். கம்பி இல்லாத ஜன்னல் திரை ஒன்றை எடுத்துத் தம்பியின் தலையைத் துவட்டினார். கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்துப் போர்த்திவிட்டார். ஆக, அந்த மூட்டைகளால் பயன்பெற்றவர் யாருமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஒருவர் இருக்கிறார்.

“வெறுங்கையோட வாடான்னுதானே சொன்னேன்,” என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் துவட்டிக்கொண்டே சொன்னார். களம் ஒன்றும் பேசவில்லை. அவரை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

கரைக்குத் திரும்பிய பிறகு டிரைவிங் ஸ்கூலில் கூட்டம். எல்லா நாற்காலிகளும் நிறைந்திருந்தன. களம் எழுந்தார். வழக்கமாகத் தொண்டையைச் செருமுகிறவர், அன்று செருமவில்லை.

“எங்க அக்கா வீடு போயிடுச்சு,” என்றார்.

அறுத்துவைத்த என்ஜின்மேல் ஓர் ஈ உட்கார்ந்து எழுந்தது.

“அடடா,” என்றார் நன்றியுரை சார். “மூட்டையெல்லாம்?”

“மூட்டை ஒண்ணுகூடப் போகல.”

கைதட்டல் எழுந்தது. கைதட்டலுக்கு ஒரு குணம் உண்டு. எந்த வாக்கியத்துக்குப் பின்னால் அது வருகிறதோ, அந்த வாக்கியமே நடந்ததாகிவிடும். அடுத்த வாரம் வேறு ஒரு கூட்டத்தில் அவர் முதல் வாக்கியத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். அதற்கடுத்த கூட்டத்தில் நேரம் குறைவாக இருந்ததால் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் சொன்னார்.

ஆனாலும் மனிதர் தூங்கவில்லை. மனைவி சொல்கிறார்: படுத்துக்கொண்டே காலை அழுத்துகிறாராம்.

மறுபடியும் அக்காவின் போன் வந்தது. வகுப்பறையில் மூட்டைகளைச் சுவர்போல அடுக்கி, ஒரு பக்கம் குடித்தனம், மறுபக்கம் பாடம் என்று நடந்துகொண்டிருக்கிறது. அத்தான் எப்படியோ அலைந்து மரம் சேர்த்துவிட்டார்.

“தூண் வந்துருச்சுடா. மேட்டுல குழியும் வெட்டியாச்சு. தூக்கி நிறுத்த ஆள்தான் வேணும். அடுத்த காத்துக் காலத்துக்குள்ள நிறுத்திடணும். இந்தத் தடவையாவது வெறுங்கையோட வா.”

“வர்றேன்க்கா. சத்தியமா வெறுங்கையோட வர்றேன்.”

இந்த முறை களம் தீர்மானமாக இருந்தார். கூட்டத்தைக் கூட்டி, விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “யாரும் எதுவும் கொண்டு வரக் கூடாது. துணி கூடாது, பை கூடாது, பேனர் கூடாது. அந்த ஜிம் பையன்களைக் கூப்பிடறோம், போறோம், வெறும் கையால தூணை நிறுத்தறோம், வர்றோம்.”

இப்படி ஒரு திட்டத்தில் தங்களுக்கு என்ன வேலை என்று நாற்காலிகள் யோசித்தன.

“வெறும் கையாலயா?” என்று மூச்சு மேடம்தான் மெதுவாக ஆரம்பித்தார். “புது மரம் சார். சின்னப் பசங்க. சிராய் ஏறிடாதா?”

“அதானே!” என்றார் நன்றியுரை சார். “பசங்க கைக்கு யார் பொறுப்பு?”

மேசைக்கு அடியில் களத்தின் வலது கால் மெல்ல அசைந்தது. அழுத்தினார். அவர் அழுத்தியதை நான் மறுக்கமாட்டேன்.

பிடிக்கவில்லை.

இப்போது கையுறை சேகரிப்பு மும்முரமாக நடக்கிறது. டிரைவிங் ஸ்கூல் வாசலில் பெரிய பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். ரப்பர், கம்பளி, தோல், சமையலறையில் சூடான பாத்திரம் பிடிப்பது, எதுவானாலும் சரி. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒற்றைக் கைதான் இருக்கிறது என்றாலும் வாங்கிக்கொள்கிறார்கள். இன்னொரு கை வேறு ஏதாவது ஒரு நல்ல உள்ளத்திடமிருந்து வராமலா போய்விடும்? பெட்டி நிறைய நிறைய நாள் நகர்கிறது. தீவில் குழிகளில் மணல் சரிந்து மூடுவதும் அத்தான் மறுபடி வெட்டுவதுமாக இருக்கிறதாம்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், நல்லது. ஒரே ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்கிறேன். கையுறைப் பெட்டி என்று படித்ததும், நம் வீட்டுப் பரண்மேல் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறதே என்று ஒரு நொடி மனதில் ஓடியதா? ஓடவில்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஓடியிருந்தால், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். உங்களுக்கு நிச்சயம் இடம் இருக்கும். தூண் தூக்க வந்தவர்களை இறக்கிவிட்டாயிற்று.